பதினேழாம் பக்கத்துப் பென்சில் எழுத்து

ஜூலை 1, திங்கள்

நான் எழுதிய நாவலை நானே வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாது. அதனால்தான் கல்லூரியோடு விட்டுப்போன இந்த நாட்குறிப்புப் பழக்கத்தை மறுபடியும் தொடங்குகிறேன்.

உடுமலை தளி ரோட்டில் மிக்கேல் அண்ணன் வாடகை நூலகம் வைத்திருக்கிறார். ‘மூன்றாவது மதகு’ அங்கே வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அட்டையில் வாய்க்கால், டார்ச் வெளிச்சம், ஒரு கை. எழுதியவர்: சேனாபதி. சேனாபதி நான்தான் என்பது அவருக்கும் (என் கணவர் யுவராஜ்) கோவைப் பதிப்பாளருக்கும் மட்டும் தெரியும். “பொம்பளைப் பேர் போட்டா க்ரைம் நாவல் விக்காதும்மா” என்று பதிப்பாளர் சொன்னார் என்று எல்லோரிடமும் சொல்லத் தயாராக இருந்தேன். உண்மையில் அவர் அப்படிச் சொல்லவில்லை. பெயரை மாற்றச் சொன்னது நான்.

மிக்கேல் அண்ணன் கடையில் ஒரு வழக்கம். புத்தகத்தில் எழுதாதீர்கள் என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருப்பார். ஆனால் எழுதாத ஆளே கிடையாது. ஓரத்தில், அடியில், காலி இடத்தில் எல்லாம் எழுதுவார்கள். க்ரைம் நாவல் என்றால் கொலைகாரன் பெயரை முன்னாலேயே எழுதி வைத்துவிடுகிற புண்ணியவான்களும் உண்டு. சில இடங்களில் மிக்கேல் அண்ணனே கீழே பதில் எழுதியிருப்பார்.

என் புத்தகத்தில் இன்னும் யாரும் எழுதவில்லை. ஒரு காபிக் கறை மட்டும். அதைப் பார்த்தே சந்தோஷப்பட்டேன்.

தன்விக்கு இன்றோடு ஐந்து மாதம். குப்புற விழுந்து தலையைத் தூக்கி, என்னைக் கணக்குக் கேட்பது மாதிரி பார்க்கிறாள். துணியையெல்லாம் உள் அறையிலேயே கயிறு கட்டிக் காயப்போட்டேன். வெளியே நல்ல வெயில்தான்.

ஜூலை 8, திங்கள்

கருத்துகள் வரத் தொடங்கிவிட்டன! புத்தகம் ஆளிடம் போய்விட்டுத் திரும்பி வரும்வரை காத்திருந்து எடுத்துவந்தேன். குழந்தை தூங்கின நேரத்தில் பக்கம் பக்கமாகத் தேடினேன்.

நீலப் பேனா: “முதல் 60 பக்கம் ஜவ்வு.”

வேறொருவர், 92-ஆம் பக்கத்தில்: “அட சாமி, இந்த மதகு சீன் படிச்சுட்டு லைட்டை அமத்தவே இல்ல.”

பச்சை மை, எழுத்து ஒவ்வொன்றும் அட்டென்ஷனில் நிற்கிறது: “புகார் வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். ஆசிரியர் காவல் நிலையத்துக்குப் போனதே இல்லை போலும்.” இது ஏட்டையா பழனியப்பன். ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். கடையில் உள்ள எல்லா க்ரைம் நாவலையும் திருத்தி வைத்திருப்பவர். அவர் சொன்னது சரிதான். நான் போனதே இல்லை.

நீலப் பேனா மறுபடியும்: “இந்த சுபத்ரா தூங்கவே தூங்காதா? கதைக்கு வசதியா ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு இருக்குது. நம்பற மாதிரி இல்ல.”

கதைக்கு அவள் முழித்திருந்தே ஆக வேண்டும். வாய்க்கால் ஓரத்து வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கிற சுபத்ரா, மூச்சு வருகிறதா என்று குழந்தையின் மூக்கருகே கைக்கண்ணாடி பிடித்துப் பார்க்க எழுந்திருக்கிறாள். அப்போதுதான் மதகுப் பக்கம் டார்ச் வெளிச்சத்தைப் பார்க்கிறாள். அவள்தான் ஒரே சாட்சி. வீட்டுக் கத்திகளைப் பரண் மேல் போட்டுவிடுகிறாள், குழந்தையோடு மாடிப்படி ஏறமாட்டாள், இப்படிச் சில விஷயங்களும் அவளைப் பற்றி வரும். எங்கேயோ கேள்விப்பட்டதை வைத்து எழுதினேன்.

திட்டினவர், பாராட்டினவர் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் என் வாக்கியத்தின்மேல் பேனாவை ஊன்றி யோசித்திருக்கிறார். வேறென்ன வேண்டும்?

ஜூலை 12, வெள்ளி

தன்வி நன்றாகத் தூங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, திங்கள்

இன்று பதினேழாம் பக்கம். சுபத்ரா முதன்முதலில் வருகிற இடம். பச்சை மையில் கட்டம் போட்டு:

“கொலைகாரி இந்தம்மாதான். – பழனியப்பன், த.கா. (ஓய்வு)”

கடையிலேயே நின்று மூன்று தடவை படித்தேன். மிக்கேல் அண்ணன் பார்த்துவிட்டார்.

“என்னங்கம்மிணி, பச்சை மையா? ஏட்டையா பாதி படிக்கறப்பவே தீர்ப்பு எழுதிப்போடுவாருங். அவரு எழுதுனா அதுதான் கடைசின்னு நம்ம சனம் நம்பிக்குது. அதைப் பாத்துட்டு மூணு பேரு மீதியப் படிக்காமயே புத்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னா பாத்துக்கோங்.”

“ஆனா அவங்க இல்லீங்களே. சொசைட்டி செக்ரட்டரிதானுங்களே கொலை பண்றது?”

“அட, எனக்கே சொல்லிப்போட்டீங்களே! நான் இன்னும் முடிக்கலீங்!”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று பேர் என் சுபத்ராவைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாடுகிறார்கள். முடிவைத் தப்பாக எடுத்துக்கொண்டார்களே என்ற கோபம்தான் எனக்கு. வேறொன்றுமில்லை.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் அவரே பீன்ஸ் நறுக்கினார். போன மாதம் வீட்டில் கத்தியைக் காணோம் என்று புதிதாக ஒன்று வாங்கிவந்தார். இப்போது அதுவும் காணோம். பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தார். “நம்ம வீட்ல கத்தி திங்கற எலி இருக்குது” என்றார். நானும் சிரித்தேன்.

ஜூலை 20, சனி

ஆடிக்காற்று கதவையெல்லாம் அறைகிறது. நங்கையா வந்திருந்தார்.

நங்கையா என்றால் அவருடைய அக்கா, வசுமதி. எங்கள் பக்கம் கணவரின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். கத்தரிக்கோலைவிட வாய்தான் கூர்மை என்று அவர் தம்பியே சொல்வார். எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம். எனக்குக் கல்யாணமான இந்த ஒன்றரை வருடத்தில் போனில் குரல் அனுப்புவாரே தவிர ஒரு வரி எழுதி அனுப்பியதில்லை. “எழுத்தெல்லாம் படிச்சவிய வேல” என்பார்.

வந்ததும் தன்வியைத் தூக்கிக்கொண்டார். நான் யார் வந்தாலும் குழந்தையைக் கொடுத்துவிடுவேன். மற்றவர்கள் மடியில் அவள் இருக்கும்போது எனக்கு மூச்சு சீராகிறது.

“மிக்கேலு கடையில ஒரு கொலை நாவல் எடுத்தேன் கண்ணு. மூணாவது மதகுன்னு.”

நான் காபியில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையாகப் போட்டேன் என்பது அவர் குடித்தபோதுதான் தெரிந்தது.

“எப்படியிருந்துச்சுங்க நங்கையா?”

“கொலை வாட்டமாத்தான் பண்ணியிருக்கறான். அந்த இன்ஸ்பெக்டரு பேசறதுதான் தாங்கல. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிரசங்கம். செத்தவனுக்குப் பதிலா அவனத் தள்ளியுட்டிருக்கலாம் வாய்க்கால்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே இன்ஸ்பெக்டர் அதிகம்தான் பேசுகிறார்.

குழந்தையைப் படுக்கவைக்கப் போனவர் தலையணைக்கு அடியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்தார்.

“இது எதுக்கு இங்க?”

“பொட்டு வெக்கறதுக்குங்க.”

“படுத்துக்கிட்டா வெப்ப?”

கண்ணாடியைத் தன் முந்தானையில் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். போகும்போது உள் அறைக் கயிற்றில் கிடந்த ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டே போனார். வீடு சுத்தமாக இல்லை என்று நினைத்திருப்பார்.

ஜூலை 25, வியாழன்

பதினேழாம் பக்கம். பச்சைக் கட்டத்துக்குக் கீழே, மெல்லிய பென்சிலில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்து:

“ஏட்டையா, தப்பு. இவள் யாரையும் கொல்ல மாட்டாள். தன் கையைப் பார்த்துத் தானே பயப்படுகிறவள். கெட்டது செய்கிறவர்கள் கத்தியைப் பரண் மேல் போட மாட்டார்கள், இடுப்பில்தான் வைத்திருப்பார்கள். கொலைகாரனைக் கண்டுபிடிக்க இருநூறு பக்கம். சுபத்ராவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அந்தக் கதையில் ஒரு ஆள்கூட இல்லையா? சேனாபதிக்கு இது தெரியாதா, தெரிந்தும் விட்டுவிட்டாரா?”

கடை வாசலில் தன்வியை மிக்கேல் அண்ணனிடம் கொடுத்துவிட்டு அழுதேன். தூசி என்றேன். ஆடி மாதம், நம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பென்சிலைச் சீவினேன். பிறகு இடது கையால் எழுதினேன், கையெழுத்துத் தெரியக் கூடாதே. ஒரு வாசகர் மாதிரி:

“சுபத்ரா யாரிடம் சொல்வாள்? சொன்னால் குழந்தையைப் பிரித்துவிட மாட்டார்களா?”

எழுதி முடித்ததும் அழித்துவிட ரப்பர் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று மணிக்கே போய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

பதில் வந்திருக்கிறது. பக்கத்தில் இடமில்லாமல் பதினெட்டாம் பக்கத்து ஓரத்துக்கும் போயிருக்கிறது.

“நானும் அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை. கடைசியில் அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். குழந்தையைப் பிரிக்கவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். ஆறு மாதம் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள். டாக்டரிடம் மட்டும் யாரும் கூட்டிப்போகவில்லை. எப்படியோ அதுவாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. சுபத்ரா முதலில் புருஷனிடம் சொல்ல வேண்டும். அப்புறம் டாக்டர். அவளுக்குத் துணைக்கு ஆள் இல்லையென்றால் நான் வருவேன்.”

அதற்குக் கீழே நீலப் பேனா: “ஏனுங்க, இது நாவலா கடுதாசியா?”

அதற்கும் கீழே மிக்கேல் அண்ணன்: “பேசட்டும் விடுங்க. நீங்க அடுத்த பக்கத்துக்குப் போங்க.”

எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு மூலையில் நெருக்கிக்கொண்டு, பச்சை மை: “மறுவிசாரணையில் இந்தம்மா நிரபராதி எனத் தெரிகிறது. என் சம்சாரமும் 1988-இல் இப்படித்தான் இருந்தாள். அப்போது எனக்குப் புரியவில்லை. – ப.”

ஏட்டையா!

என் நாவலுக்கு இதுவரை வந்த பாராட்டையெல்லாம் ஒரு தட்டில் வைத்து இந்த ஓரங்களை இன்னொரு தட்டில் வைத்தால், இதுதான் கீழே இறங்கும். பதினேழாம் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டமே சுபத்ராவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

தன்விக்கு நாற்பது நாள் இருக்கும். துணி காயப்போட அவளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். கைப்பிடிச் சுவர் அருகே போனபோது, கையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு எண்ணம் வந்தது. எண்ணம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு படம். அது என் விருப்பம் இல்லை. ஆனால் என் தலைக்குள்தான் வந்தது, வேறு யார் தலைக்குள்ளும் இல்லை. கீழே இறங்கி, அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றிலிருந்து மாடி ஏறவில்லை. அடுத்து, கத்தியைப் பார்த்தாலும் வந்தது. கத்திகளைப் பரணில் போட்டேன். கொதிக்கிற தண்ணீர். வாளி. ஒவ்வொன்றாக வீட்டில் பொருள் குறைந்துகொண்டே வந்தது.

அவளைக் கொஞ்சும்போதுதான் அதிகம் வருகிறது. அதுதான் கொடுமை.

சுபத்ராவை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தெருவே அமராவதி ஆற்றுக்குப் போயிருந்தது. நங்கையா கூப்பிட்டனுப்பினார், “பழைய ரவிக்கை ஒண்ணும் பத்தாதல்லோ, அளவெடுத்துக்கலாம் வா” என்று. அவருடைய பொண்ணு பிரணிதா, பதினாலு வயது, தன்வியை வாங்கிக்கொண்டு ஊஞ்சலுக்குப் போய்விட்டாள்.

நங்கையா டேப்பைத் தோளில் வைத்து அளந்தார். மேசைமேல் இருந்த அளவு நோட்டைத் திறந்தார். காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதினார். வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

“சிந்துஜா. தோள் பதினாலு.”

நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் என் முதுகில் அப்படியே நின்றது.

“என்ன பாக்கற? பதினேழாம் பக்கத்துலயும் இதே கிறுக்கல்தான்.”

“நங்கையா...”

“கைய மேல தூக்கு. கக்கம் அளக்கோணும்.”

தூக்கினேன். கையைத் தூக்கிக்கொண்டே அழுதது உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“எப்படிங்க தெரிஞ்சுச்சு? நான்தான் எழுதுனேன்னு?”

“கண்ணாடி. தொண்ணூறு நாவல் படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா? மூக்குக்கிட்ட கண்ணாடி புடிக்கற ஆம்பள எழுத்தாளன் எந்த ஊர்ல இருக்கறான்? நாவல்ல கண்ணாடி, உன்ர தலையணைக்கடியில கண்ணாடி. கயித்துல ஈரத்துணி. எந்தம்பி பக்கத்து வீட்டுல கத்தி கடன் கேக்கறான். உன்ர இன்ஸ்பெக்டரா இருந்தா இதுக்கு இன்னொரு இருவது பக்கம் பேசியிருப்பான்.”

“நேர்ல கேட்டிருக்கலாமுங்களே.”

டேப்பைச் சுருட்டினார். சுருட்டி முடிக்க நேரமாயிற்று.

“கேட்டிருந்தா ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லியிருப்ப. நானும் அப்படித்தான் சொன்னேன், எல்லாருகிட்டயும். பிரணி பொறந்தப்ப. இவ குளிக்கற தண்ணிய நானே விளாவ மாட்டேன். பயம். என்ர கை மேல எனக்குப் பயம். பேயின்னு சொன்னாங்க. பேயின்னா பரவால்ல போ, நான் இல்லயேன்னு இருந்துச்சு எனக்கு.”

ஊஞ்சல் சங்கிலிச் சத்தமும் பிரணிதா ஏதோ பாடுவதும் கேட்டது.

“நீங்க ஒண்ணும் பண்ணலீங்களே நங்கையா.”

“இல்ல. பதினாலு வருசமா ஒண்ணும் பண்ணல. நீயும் பண்ண மாட்ட. அதையத்தான் ஏட்டையாவுக்கு எழுதுனேன்.” பென்சிலை மறுபடியும் காதில் சொருகிக்கொண்டார். “செவ்வாக்கெழம பொள்ளாச்சில டாக்டரம்மா பாக்கறாங்க. மனசுக்குப் பாக்கறவிய. சீட்டுச் சொல்லியாச்சு. நாளைக்கு யுவராசுகிட்ட நீயே சொல்லிப்போடு. நான் சொன்னா அக்கா மெரட்டறான்னு நெனப்பான்.”

இவரிடமா நான் இத்தனை நாள் பயந்தேன்!

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடியும் தொடங்க முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் எழுந்து போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் ஏறி மூன்று கத்தியையும் அருவாமனையையும் எடுத்துக் கீழே வைத்தார். தூசி படிந்து கிடந்தன. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

“எலின்னு சிரிச்சனே சிந்து.”

“நானும்தானுங்க சிரிச்சேன்.”

“நீ எழுதுன நாவல நானும் படிச்சேன். பதிப்பாளர்கிட்ட நாந்தான் குடுத்தேன். கொலைகாரன் யாருன்னு மட்டும் பாத்தேன் மாமா.”

அப்படித்தான் ஆகிவிட்டது. நான்தான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். இன்று குழம்பி அவர் என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். தன்வியும், எதற்கென்று தெரியாமல்.

குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். வாங்கவில்லை. அவளை மடியில் வைத்திருந்த என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பொள்ளாச்சி. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நங்கையாவும் நானும் தன்வியும் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் நங்கையா என் நாவலைக் கிழித்துக்கொண்டு வந்தார். செக்ரட்டரி கொலை செய்ததற்குக் காரணம் வலுவாக இல்லையாம். ஒரு சொசைட்டி நாற்காலிக்காக யாராவது ஆளை வாய்க்காலில் தள்ளுவார்களா? “தள்ளுவாங்க” என்று முன் சீட்டுக்காரர் திரும்பிச் சொன்னார். அதற்குப் பிறகு நங்கையா இன்ஸ்பெக்டரைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். நிறையக் கேட்டார். சில கேள்விகள் கஷ்டமாக இருந்தன. உண்மையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “இந்த மாதிரி எண்ணம் நிறைய அம்மாக்களுக்கு வருதும்மா. வெளியில சொல்றதில்ல. உங்களுக்கு அது புடிக்கல, அதனாலதான் இவ்வளவு பயம். அந்தப் பயத்துக்குத்தான் வைத்தியம், உங்களுக்கு இல்ல” என்றார். மாத்திரை எழுதினார். பால் கொடுக்கலாம் என்றார். வாராவாரம் வந்து பேசச் சொன்னார். தூங்குவதற்கு ஒரு ஏற்பாடு சொன்னார்: ராத்திரியில் ஒரு பாதி தன்வியை அவள் அப்பா பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு பாதி நான்.

வெளியே வந்தேன். நங்கையா தன்வியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்தேன். நர்ஸ் அடுத்த சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“வசுமதி. வசுமதி யாருங்க?”

நங்கையா எழுந்தார். என் பக்கம் பார்க்காமல் சேலை மடிப்பைச் சரிசெய்தார்.

“எனக்கும் ஒரு சீட்டுச் சொல்லி வெச்சிருந்தேன்” என்றார். “பதினாலு வருசம் லேட்டு, அவ்வளவுதான்.”

எப்போதும் எதற்கும் பதில் வைத்திருக்கிறவர். அந்தக் கதவுக்கு முன்னால் சின்னப் பெண் மாதிரி நின்றார்.

“போங்க நங்கையா. நான் இங்கதானுங்க இருக்கறேன்.”

“கொழந்த?”

சுற்றிலும் பார்த்தேன். கொடுப்பதற்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. “என்கிட்டக் குடுங்க” என்றேன்.

கொடுத்தார். உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

நாற்பது நிமிடம் ஆயிற்று. தன்வி விழித்திருந்தாள். என் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தாள். அந்தப் படம் ஒரு தடவை வந்தது. வந்துவிட்டுப் போயிற்று. நான் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை.